கை சுடும் தண்ணீர்

நான் திறந்து பார்த்த பழைய டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் தெர்மோஸ்டாட் வால்வு இருந்ததில்லை. ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைக் கழற்றினால் அது உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் வெறும் ஓட்டையாகத் தெரியும். எப்போதோ ஒரு சித்திரை வெயிலில், உழவுக்கு நடுவே வண்டி கொதித்திருக்கும். மெக்கானிக் வந்திருப்பார். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குண்ணே, குளிர்நாட்டுக்காரன் வச்சது" என்று சொல்லி, வால்வைக் கழற்றி வரப்பில் எறிந்திருப்பார். அன்றைக்கு வண்டி ஓடியிருக்கும். பேரையூர், சாப்டூர், எழுமலை, டி.கல்லுப்பட்டி என்று எங்கள் சுற்றுவட்டாரம் முழுக்க இதுதான் வைத்தியம்.

அந்தக் குளிர்நாட்டில் நான் இருந்திருக்கிறேன். ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் வண்டி மெக்கானிக்காகச் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். லடாக்கில் ஸ்னோ ஸ்கூட்டர் இன்ஜின்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். கனடாவில் இருக்கும் அண்ணன் மகன் ஒரு ஸ்னோ பைக் வாங்கி, அதன் கூலிங்கை மாற்றியமைக்க என்னைத்தான் போனில் பிடித்தான். அதனால் வரப்பில் கிடக்கும் அந்த வால்வுக்காகப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் எங்கள் கிணற்றைச் சொல்ல வேண்டும். டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசிக் காலத்தைக் கழித்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா, எண்ணெயை நம்பி ஓடும் விவசாயத்தை ஒப்புக்கொள்ளாதவர். 1960-ல் அவர் மறைந்தார். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கிணறுகளில் கமலை ஒவ்வொன்றாக ஓய்ந்து ஆயில் இன்ஜின்கள் புகைய ஆரம்பித்தன. எங்கள் அய்யாவிடம் இருந்தது ஐந்து குதிரைச் சக்தி, 1500 சுற்று, ஒற்றை சிலிண்டர். கரண்டு கனெக்ஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம். பருத்திக்கும் மிளகாய்க்கும் அந்த இன்ஜின்தான் தண்ணீர் கொடுத்தது.

அதைக் குளிர வைக்கும் ஏற்பாடு ரொம்பச் சுலபமானது. பம்பின் டெலிவரி பைப்பில் ஒரு சின்னக் கிளை. அதிலிருந்து ஒரு ஹோஸ் இன்ஜினின் தண்ணீர்ச் சட்டைக்குள் போகும், மறுபக்கம் வெளியே வந்து வாய்க்காலில் விழும். கிணற்றுத் தண்ணீர் ஓய்வில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வெளியே விழும் தண்ணீரில் அய்யா கையை வைத்துப் பார்ப்பார். வெதுவெதுப்பாக இருந்தால் அவருக்குத் திருப்தி. "இன்ஜின் சில்லுன்னு ஓடுதுடா" என்பார். அம்மாவுக்கும் அது வசதி. மார்கழியில் எங்களைக் குளிப்பாட்டவும் துணி அலசவும் அந்தத் தண்ணீர்தான்.

இன்ஜின் மட்டும் சந்தோஷமாக இல்லை. சைலன்சரில் எந்நேரமும் ஒரு வெள்ளைப் புகை. ஆயில் சீக்கிரமே கருத்து, கெட்டியாகி, களிம்பு மாதிரி ஆகிவிடும். லைனரும் ரிங்கும் தேய்ந்துபோய் அடிக்கடி வேலை வைக்கும். கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு சட்டைக்குள் பாறை பாறையாகப் படியும். "கரிசக்காட்டுத் தண்ணி அப்படித்தான்" என்று மெக்கானிக்குகள் பழியைத் தண்ணீர் மேல் போட்டார்கள். சுண்ணாம்புக்கு அது சரி. புகைக்கும் தேய்மானத்துக்கும் காரணம் வேறு. அதைத் தெரிந்துகொள்ள நான் ரயிலேற வேண்டியிருந்தது.

செகந்தராபாத் இ.எம்.இ. மையத்தில் பயிற்சி. அங்கே எங்களுக்குக் கற்றுக் கொடுப்பவர்களை உஸ்தாத் என்றுதான் கூப்பிட வேண்டும். எங்கள் உஸ்தாத் பஞ்சாபி, பேசுவது இந்தி. அப்போது எனக்கு இந்தி பாதிதான் புரியும். ஆனால் அவர் கரும்பலகையில் போட்ட கணக்கு முழுசாகப் புரிந்தது. எரிக்கிற எண்ணெயின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது; ஒரு பங்கு புகையோடு போகிறது; இன்னொரு பங்கைத் தண்ணீர் கொண்டுபோகிறது. தண்ணீர் தேவைக்கு மேல் கொண்டுபோனால் அது வேலைக்கு ஆக வேண்டிய சூடு.

அடுத்து அவர் சொன்னதுதான் எங்கள் கிணற்றடியைக் கண்முன் கொண்டுவந்தது. சிலிண்டர் சுவர் குளிர்ந்து கிடந்தால், டீசல் எரியும்போது உண்டாகும் நீராவி அந்தச் சுவரிலேயே வியர்த்துவிடும். டீசலில் உள்ள கந்தகம் எரிந்து அந்த ஈரத்தில் கலந்தால் அமிலம். அமிலம் இரும்பை அரிக்கும், ரிங் அதைத் தேய்த்து எடுத்துக்கொண்டு போகும். சிலிண்டர் தேய்மானத்தில் உராய்வை விட இந்த அரிப்புக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை 1930-களிலேயே பிரிட்டனில் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். மதுரை ஜில்லா வெயிலில் நின்றுகொண்டிருந்த எங்கள் இன்ஜின் குளிரில் செத்துக்கொண்டிருந்தது என்பது, வகுப்பில் உட்கார்ந்திருந்த எனக்கு நம்ப முடியாத சேதியாக இருந்தது.

விடுமுறையில் வந்தபோது கிணற்றடியில் ஒரு இருநூறு லிட்டர் டிரம்மை வைத்தேன். டிரம்மின் அடியிலிருந்து ஒரு பைப், இன்ஜின் சட்டையின் கீழ்வாய்க்கு. சட்டையின் மேல்வாயிலிருந்து இன்னொரு பைப், ஏறுமுகமாகச் சாய்ந்து டிரம்மின் மேல்பக்கத்துக்கு. பம்பு கிடையாது. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கீழிருந்து உள்ளே வரும். தெர்மோசைபன் என்று இதற்குப் பெயர். பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் பம்புசெட் விவசாயிகளுக்குச் சொல்லிவந்த யோசனைதான். ஒரே கண்டிஷன்: டிரம்மில் தண்ணீர் மட்டம் மேல்பைப்பின் வாய்க்கு மேலேயே இருக்க வேண்டும். மட்டம் இறங்கி வாய் வெளியே தெரிந்தால் சுற்று நின்றுவிடும், இன்ஜின் கொதித்துவிடும்.

அய்யாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"ஏண்டா, கிணத்துல தண்ணி கெடக்குது, பம்பு அள்ளிக் கொட்டுது. அதை விட்டுட்டு டிரம்ல ஊறப்போட்டு வேக வைக்கச் சொல்றியா?"

"வேகட்டும்யா. கை வச்சா சுடணும். சுட்டாத்தான் சரியா இருக்குன்னு அர்த்தம்."

"பட்டாளத்துல இதைத்தான் சொல்லிக் குடுத்தாய்ங்களா?"

ரெண்டு மூணு தடவை தண்ணீர் பாய்ச்சிய பிறகு வெள்ளைப் புகை அடங்கியது. டீசல் கேன் முன்னைவிட மெதுவாகக் காலியானது. டிரம்மில் மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றியதால் சுண்ணாம்பும் படியவில்லை. அய்யா ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் "மகன் வச்சுக் குடுத்தான்" என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அம்மாவுக்குத்தான் வருத்தம். துணி அலச வெந்நீர் போய்விட்டதே என்று அந்த டிரம்மைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லுவார்.

லடாக்குக்குப் போனது அதற்குச் சில வருஷம் கழித்து. லே நகரமே கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் பருப்பு வேகாது, குக்கர் வேண்டும். ரேடியேட்டர் மூடியும் குக்கர் வெயிட் மாதிரிதான். உள்ளே அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை உயர்த்தும். அந்த மூடியின் ரப்பர் செத்துப்போனால் நிலைமையைப் பாருங்கள்: 82 டிகிரியில் திறக்கும் வால்வு, 88-ல் கொதிக்கும் வெறும் தண்ணீர், நடுவில் மிச்சம் ஆறே டிகிரி. ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு ரப்பர் வளையத்துக்காக அங்கே வண்டி கணவாயில் நின்றுவிடும்.

குளிர் வேறு விதமான எதிரி. டீசல் மெழுகாகி உறைந்து ஃபில்டரை அடைக்கும். காலையில் லாரி டிரைவர்கள் டேங்குக்கு அடியில் தீ மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கிற நமக்குத்தான் வயிறு கலங்கும். மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் லடாக்குக்குக் கொண்டுவந்தது 2019 நவம்பரில். அதற்குள் நான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டேன்.

ஸ்னோ ஸ்கூட்டர்கள் எங்கள் கைக்கு வந்தது லேவுக்கும் அப்பால் ஒரு இடத்தில். இடத்தின் பெயர் வேண்டாம். சாமான் ஏற்றவும், உடம்பு முடியாத ஜவானைக் கீழே கொண்டுவரவும் அவைதான் கால். முன்னால் ரெண்டு சறுக்குப் பலகை, பின்னால் ரப்பர் டிராக், டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். சிலவற்றில் ஃபேன் காற்று அடித்துக் குளிர வைக்கும். சிலவற்றில் கூலன்ட் ஓடும், ஆனால் முகப்பில் ரேடியேட்டர் இருக்காது. டிராக் சுற்றும் கூண்டின் உட்பக்கத்தில் அலுமினியத் தகடுகளுக்குள் கூலன்ட் ஓடும். டிராக் வாரியடிக்கும் பனித்தூள் அந்தத் தகட்டில் பட்டு உருகி, சூட்டை எடுத்துக்கொண்டு விழும். பனி இருக்கும் வரைக்கும் இதைவிட நல்ல ரேடியேட்டர் கிடையாது.

சங்கதி என்னவென்றால், பனி எல்லா நேரமும் தூளாக இருக்காது. காலையில் மேல்தட்டு கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கும். டிராக் வழுக்கிக்கொண்டு ஓடும், தகட்டுக்கு ஒரு தூள்கூட வராது. சுற்றிலும் மைனஸ் இருபது, கண்ணுக்கெட்டிய தூரம் பனி, நடுவில் இன்ஜின் சூடேறிச் சிவப்பு விளக்கு எரியும். புதிதாக வந்த கிராஃப்ட்ஸ்மேன் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு மீட்டர் கெட்டுப்போச்சு என்று எழுதிக் கொடுத்தான். மண்வெட்டியால் பனியை வாரிக் கூண்டுக்குள் போடச் சொன்னேன், விளக்கு அணைந்தது. இதற்கென்று ஐஸ் ஸ்கிராட்சர் என்ற ஒரு சாமான் உண்டு. ஸ்பிரிங் மாதிரி வளைந்த கம்பி. சறுக்குச் சட்டத்தின் பக்கத்தில் மாட்டிவிட்டால் இறுகிய பனியைக் கீறிக்கொண்டே வரும், அந்தத் தூளை டிராக் மேலே அடிக்கும். ஒரு கம்பித் துண்டு செய்கிற வேலை! கூலிங்கை மேம்படுத்துவது என்றால் பெரிய பெரிய சாமானாக வாங்கிப் போடுவதுதான் என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கம்பியைத்தான்.

கொதித்து நின்ற வண்டியை ஆற வைத்துவிடலாம். குளிரில் மாட்டிய வண்டிக்குப் பிஸ்டனே போய்விடும். காலையில் ஸ்டார்ட் பண்ணிய உடனே முறுக்கினால், அலுமினியப் பிஸ்டன் சட்டென்று சூடாகி விரியும். அந்த நேரம் பார்த்து, ராத்திரி முழுக்கத் தகட்டில் உறைநிலைக்குக் கீழே கிடந்த கூலன்ட் சிலிண்டரைச் சுற்றிப் பாயும். வெளிச்சுவர் விரியாது, உள்ளே பிஸ்டன் விரிந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் முடியளவு இடைவெளி காணாமல் போய், பிஸ்டன் பக்கவாட்டில் உரசி ஜாம் ஆகிவிடும். கோல்டு சீஸ் என்று சொல்லுவோம். அவிழ்த்துப் பார்த்தால் பிஸ்டனில் நாலு பக்கமும் நகக்கீறல் போலக் கோடுகள். சூடு தாங்காமல் போன இன்ஜினை நான் ஊரில் நிறையப் பார்த்திருந்தேன். சூடு போதாமல் ஜாம் ஆனதை அங்கேதான் பார்த்தேன்.

அங்கே தெர்மோஸ்டாட்டைக் கழற்ற நினைப்பவன் கிடையாது. அதன் வயிற்றுக்குள் ஒரு சின்னக் குப்பியில் மெழுகு. குளிரில் சுருங்கி வழியை அடைத்திருக்கும். கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். குறித்த சூடு வந்ததும் மெழுகு உருகி விரிந்து ஒரு ஊசியைத் தள்ளும், வழி கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். செர்ஜியஸ் வெர்னே என்பவர் 1930-களில் கொண்டுவந்த ஏற்பாடு. கரண்டு வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். வால்வு இருக்கும் வண்டிக்குக்கூட ஸ்டார்ட் பண்ணிச் சும்மா ஓடவிட்டு, திரும்பி வரும் ஹோஸைக் கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்பது என் செக்ஷனில் சட்டம். அய்யாவிடம் கிணற்றடியில் சொன்ன அதே வார்த்தைதான்: கை சுடணும்.

இப்போது அண்ணன் மகன் கதை. அவன் கால்கரியில் வேலையில் இருக்கிறான். கிளம்பிப் போகும்போது வேட்டி கட்டத் தெரியாது, இப்போது மலையேறிப் பனியில் வண்டி ஓட்டுகிறான். ஸ்னோ பைக் என்பது தனி வண்டி இல்லை. டர்ட் பைக்கில் முன் சக்கரத்துக்குப் பதில் ஒற்றைச் சறுக்குப் பலகை, பின் சக்கரத்துக்குப் பதில் டிராக் மாட்டுகிற கிட். அமெரிக்காவில் ஐடஹோவின் டிம்பர்ஸ்லெட் கம்பெனி இதைப் பிரபலப்படுத்தியது. 2015-ல் போலாரிஸ் அதை வாங்கிக்கொண்டது. 2017-ல் எக்ஸ் கேம்ஸில் பந்தயமாகவே வந்துவிட்டது. இவன் வாங்கியது 450 சிசி, நாலு ஸ்ட்ரோக்.

ஒரு பொங்கல் சமயம் வீடியோ காலில் வந்தான். இங்கே காலை, அங்கே முந்தின நாள் ராத்திரி. வண்டி கராஜில் நின்றது.

"சித்தப்பா, மேடு ஏறி நின்னா ஆவியா கெளம்புது. இங்க ஒரு கடையில பெரிய ரேடியேட்டர் போடச் சொல்றாங்க."

"கூலன்ட் குறைஞ்சிருக்கா?"

"இல்ல, அப்படியே இருக்கு."

"அப்ப அது உள்ளேயிருந்து வந்த ஆவி இல்லடா. ரேடியேட்டர்ல அப்பின பனி உருகி வர்றது. ஆயிலப் பாத்தியா?"

"பாத்தேன். ஊத்தினதைவிடக் கூடியிருக்கு."

"மோந்து பாரு."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "பெட்ரோல் வாசம் அடிக்குது சித்தப்பா."

ஆயில் தானாகக் கூடாது. சிலிண்டர் சுவர் குளிர்ந்து கிடந்தால் பெட்ரோல் முழுசாக ஆவியாகி எரியாமல், சுவரில் வழிந்து ரிங் தாண்டி ஆயிலில் இறங்கும். ஆயில் நீர்த்துப்போய் பேரிங்கைக் காப்பாற்றாது. அவன் மீட்டரைப் பார்த்துச் சொன்ன கணக்கும் பொருந்தியது: தாழ்வான சரிவில் ஓடும்போது கூலன்ட் நாற்பது டிகிரிச் சொச்சம், ஆழப் பனியில் மாட்டி ரேடியேட்டர் மூடிக்கொண்டு நின்றால் நூறைத் தாண்டும். ஒரே நாளில் இரண்டு வியாதியும். டர்ட் பைக்கைச் செய்தவன் அதைப் பாலைவனத்துக்கும் மண்மேட்டுக்கும் செய்தான். சின்ன ரேடியேட்டர் இரண்டு, பல மாடல்களில் ஃபேனும் இல்லை தெர்மோஸ்டாட்டும் இல்லை. அதில் போய்ப் பெரிய ரேடியேட்டரை மாட்டினால் குளிர் வியாதி இன்னும் முற்றும்.

"கூலன்ட் என்ன ஊத்தியிருக்க?"

"தண்ணியே கலக்காம சுத்தமானது ஊத்தினேன். குளிருக்கு நல்லதுல்ல?"

இதைப் பலரும் நம்புகிறார்கள். எத்திலீன் கிளைக்காலைத் தனியாக ஊற்றினால் மைனஸ் 13 டிகிரி வாக்கிலேயே உறையும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை உறையாது. அதோடு, சூட்டைச் சுமக்கும் விஷயத்தில் தண்ணீரை மிஞ்ச ஆள் இல்லை. முதலில் அதை வடித்துவிட்டுப் பாதிக்குப் பாதி ஊற்றச் சொன்னேன்.

அடுத்து தெர்மோஸ்டாட். ஹோஸை வெட்டி நடுவில் செருகும் வால்வுகள் அங்கே கடையில் கிடைக்கின்றன, எழுபது டிகிரிச் சொச்சத்தில் திறப்பவை. விலை குறைந்ததில் பைபாஸ் வழி கிடையாது. அது வேண்டாம் என்றேன். பைபாஸ் இல்லாவிட்டால் வால்வு மூடியிருக்கும் வரை கூலன்ட் ஓட்டமே நின்றுவிடும். ஹெட்டில் ஒரு மூலை கொதிக்கும். வால்வு திறந்ததும் ரேடியேட்டரில் உறைநிலையில் கிடந்தது மொத்தமாக உள்ளே பாயும். மறுபடி மூடும், மறுபடி பாயும். நான் லடாக்கில் அவிழ்த்த பிஸ்டன்கள் ஞாபகத்துக்கு வந்தன. மூன்று வாய் உள்ளதை வாங்கினான். மூடியிருக்கும்போது கூலன்ட் இன்ஜினைச் சுற்றியே வரும், திறக்கும்போது சூடும் குளிருமாகக் கலந்து போகும்.

போனை ஒரு டப்பா மேல் சாய்த்துவைத்துவிட்டு அவன் வேலை பார்த்தான், நான் இங்கே திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். கிளிப் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் ஆரம்பித்து எல்லாவற்றுக்கும் ஒரு வாக்குவாதம். வால்வில் காற்றுப் போக ஒரு குட்டித் துளை இருக்கும். அதை மேல்பக்கமாக வைக்கச் சொன்னேன். முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, குமிழி நிற்கும் வரை ஓடவிடச் சொன்னேன். ரேடியேட்டரின் முகத்துக்குப் பனி அப்பாத வலை ஒன்று, இன்ஜினைச் சுற்றிக் குளிர் தாக்காத போர்வை ஒன்று, மூடி புதுசு, ஆயில் புதுசு. அவ்வளவுதான் மேம்பாடு. டிராக் கூண்டுக்குள் தகடு வைக்கும் கிட்டும் அங்கே கிடைக்கிறது. இளகிய வசந்த காலப் பனியில் ஓட்டுவதாக இருந்தால் அதை யோசி என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த வாரமே மலைக்குப் போய்விட்டு வந்து கூப்பிட்டான். மீட்டர் எழுபதுகளிலேயே நிற்கிறதாம். ஆயிலில் வாசம் இல்லை. "பெரிய ரேடியேட்டர் காசு மிச்சம் சித்தப்பா" என்றான். அதில் எனக்கு என்ன பங்கு என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டான்.

எங்கள் ஊருக்கு வருகிறேன். வால்வு இல்லாத டிராக்டர் வெயிலில் ஓடத்தான் செய்யும். ஆனால் பல இன்ஜின்களில் வால்வு திறக்கும்போதுதான் பைபாஸ் வழி மூடும். வால்வையே எடுத்துவிட்டால் பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் உள்ளுக்குள் சுற்றும். பாரம் இழுக்கும்போது இதனாலேயே சூடு கூடும், மார்கழிக் காலையில் இன்ஜின் சூடேறாமல் புகைந்து ஆயிலைக் கெடுக்கும். கொதித்ததற்கு உண்மையான காரணம் வேறு எங்காவது இருக்கும். நான் கண்டவரை, மக்காச்சோளம் அடிக்கும் பருவத்தில் உமித்தூசி ரேடியேட்டர் இடுக்கில் அப்பியிருக்கும். ஃபேன் பெல்ட் தொங்கியிருக்கும். மூடி ரப்பர் வெடித்திருக்கும். போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே சுண்ணாம்பு கட்டியிருக்கும். இத்தனையையும் விட்டுவிட்டு வால்வைத் தூக்கி எறிவது, என்னைக் கேட்டால், சோம்பேறி மெக்கானிக் வேலை.

அடுத்த தடவை உங்கள் வண்டியில் அதைக் கழற்றினால், எறிவதற்கு முன் கையில் வாங்குங்கள். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தெர்மாமீட்டர் ஒன்றும் உள்ளே இருக்கட்டும். வால்வின் முகத்தில் ஒரு எண் அடித்திருக்கும், 82 என்றோ 76 என்றோ. அந்தச் சூட்டையொட்டித் திறக்க ஆரம்பித்து, தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாக விரிந்தால் வால்வு நல்ல வால்வு. துளையை மேலே வைத்து, புது கேஸ்கட் போட்டு, திரும்ப மாட்டச் சொல்லுங்கள். திறக்கவில்லை என்றால் அதே எண்ணில் புதியது வாங்குங்கள். வால்வு சில நூறு ரூபாய். லைனர் செட்டும் கூலியும் பல ஆயிரம்.